போர் மனவடுவும் அதன் மருந்துகளும்: ஒரு நூற்றாண்டு வரலாறு

தோஹா நகரின் புறத்தே பரந்து கிடக்கும் தொழில்பேட்டையை நம்மவர் 'சனையா' என்றே அழைப்பர். இங்குள்ள தெருக்களை இலக்கத்தைக் கொண்டே அறிவர். அவற்றுள் ஒரு தெருவிலுள்ள தொழிலாளர் விடுதியில், எனக்கு எதிர்க் கட்டிலில் உறங்குபவர் வன்னியைச் சேர்ந்த ஒருவர். வயது நாற்பதைத் தாண்டியவர். மனைவியும் பிள்ளைகள் இருவரும் தமிழகத்து அகதி முகாமொன்றில் இருக்கின்றனர். பகலிலே அவரைப் போல வேலை செய்யும் மனிதரைக் காண்பது அரிது. நள்ளிரவு கடந்ததும், "பங்கருக்குள்ளே இறங்குங்கோ" என்று அலறியபடி எழுந்திருப்பார். அறையிலுள்ள நேபாளத்து இளைஞர்களும் தமிழகத்துத் தம்பிமாரும் முதலில் அஞ்சினர், பின்னர் சினந்தனர், இப்பொழுது மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கின்றனர்.

சில கிழமைகளுக்கு முன்னர் அவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "சேர், அவுஸ்திரேலியாவிலே எங்களைப்போல ஆக்களுக்கு ஒரு புது மருந்து குடுக்கினமாம். இரண்டு மூன்று தரம் எடுத்தால் பழசெல்லாம் கழன்று போகுமாம். மச்சான் சொன்னவன். உண்மையோ? இஞ்சை எடுப்பிக்கலாமோ?" பக்கத்திலிருந்த தமிழகத்துத் தம்பியொருவர், கொடைக்கானல் மலையில் முளைக்கும் ஒருவகைக் காளானும் அதே வேலையைச் செய்யும் எனத் தாம் கேள்வியுற்றதை எடுத்துரைத்தார். "பொறும் தம்பி, வாசித்துப் பார்த்துச் சொல்லுறன்" என்று கூறிவிட்டேன். வரலாறு படிப்பித்தவனுக்கு விடை தெரியாவிடத்து அதுவே வழக்கம். வாசித்ததில் அவருக்கு மாத்திரமன்றி, இரவிலே யாரேனும் ஒருவர் அலறி எழும் வீடுகள் அனைத்துக்கும் உரிய செய்திகள் இருந்தமையால் இங்கு எழுதுகின்றேன்.

போரினால் உடலில் ஏற்படும் காயத்தை மனிதர் என்றும் அறிவர். மனத்தில் ஏற்படும் காயத்தை வைத்தியம் கண்டுகொண்டது மிகவும் பிந்தியே. 1914ஆம் ஆண்டு தொடங்கிய முதலாம் உலகப் போரில், மேனியில் ஒரு கீறலும் இல்லாத போர்வீரர் பலர் பேச்சிழந்தனர், சிலர் பார்வையிழந்தனர், சிலர் நடுக்கம் நில்லாது கிடந்தனர். எறிகணையின் அதிர்ச்சியே காரணம் என்று கருதி, 1915ஆம் ஆண்டு சாள்ஸ் மையர்ஸ் என்ற ஆங்கில உளவியலாளர் 'ஷெல் அதிர்ச்சி' என்ற பெயரைப் பிரபல வைத்திய சஞ்சிகையொன்றில் எழுதினார். அச்சொல்லை நமது பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆயினும், எறிகணை வீழ்ந்த இடத்துக்கு அருகிற் செல்லாதோரிடமும் அந்நோய் காணப்பட்டது. கோழைத்தனம் என்றனர் தளபதிகள். கோழைகள் என்றும் களத்தைவிட்டு ஓடியோர் என்றும் தீர்ப்பளித்துப் பிரித்தானிய இராணுவம் தன் வீரர்களையே சுட்டுக்கொன்றது. அவ்வாறு கொல்லப்பட்டோருள் 306 பேருக்கு 2006ஆம் ஆண்டிலேதான் மன்னிப்பு வழங்கப்பட்டது. பேச்சிழந்தவர்களின் தொண்டையில் மின்சாரம் பாய்ச்சிப் பேசவைத்த வைத்தியரும் அக்காலத்தில் இருந்தனர்.

இவர்களுக்கிடையே வேறுவிதமாக எண்ணியவர் டபிள்யூ. எச். ஆர். றிவேர்ஸ் என்பார். இவருக்கும் தமிழ் மண்ணுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1901-1902ஆம் ஆண்டுகளில் நீலகிரி மலையிலே தங்கி, தோடர் இன மக்களின் வாழ்வையும் சடங்குகளையும் அவர்கள் வாயினின்றே கேட்டறிந்து, 1906இல் பெருநூலொன்று வெளியிட்டவர் இவரே. மனிதர் தம் கதையைத் தாமே சொல்லும்போது இடைமறியாது கேட்கும் பழக்கத்தை இவர் நீலகிரியிலேதான் முழுமையாகப் பெற்றார் என்பது என் ஊகம். நிரூபிக்க என்னால் இயலாது. 1916இல் ஸ்கொட்லாந்தின் எடின்பரோ நகரருகே கிரெய்க்லொக்கார்ட் போர் வைத்தியசாலையில் இவர் பணியேற்றார். அங்கு வந்த அதிகாரிகளிடம், "நடந்ததை மறந்துவிடு" என்றே அதுவரை எல்லாரும் கூறியிருந்தனர். மறக்க முயல்வதே நோயை வளர்க்கிறது என்றார் றிவேர்ஸ்.

1917 டிசெம்பரில் அவர் ஆற்றிய உரையில் இரு நோயாளரின் கதை வருகிறது. ஓர் அதிகாரி, குண்டினால் துண்டு துண்டாகச் சிதறிய தம் நண்பனின் உடலைக் கண்டவர். ஒவ்வோர் இரவும் அந்த உடல் கனவில் வந்தது. றிவேர்ஸ் அவரிடம், உடல் அவ்வாறு சிதறியமையே நண்பன் ஒரு கணமும் வேதனைப்படாது இறந்தான் என்பதற்குச் சான்று என எடுத்துக்காட்டினார். பின்னர் அவ்வதிகாரியின் கனவு மாறியது. நண்பனின் உடலருகே அமர்ந்து, அவனது உடைமைகளை மெல்லக் கழற்றி எடுப்பதாகக் கண்டார். அழுதபடி விழித்தார், ஆயினும் அச்சத்தோடு விழிக்கவில்லை. மற்றையவர், வெடியதிர்ச்சியில் தூக்கி வீசப்பட்டு, பல நாட்களுக்கு முன் இறந்த ஒரு பகைவனின் உடலின்மேல் முகங்குப்புற வீழ்ந்தவர். அந்த நினைவிலே தாங்கத்தக்க பக்கம் ஒன்றைத் தேடித்தேடிப் பார்த்தும் தம்மாற் காண முடியவில்லை என்று றிவேர்ஸ் ஒப்புக்கொள்கிறார். அவரை இராணுவத்திலிருந்து விடுவித்து, முன்னர் அவர் ஆறுதல் கண்ட நாட்டுப்புறத்துக்கு அனுப்பிவைத்தனர். தம் தோல்வியையும் சபையிலே கூறிய வைத்தியர் என்பதாலேயே எனக்கு இவர்மீது பெருமதிப்பு.

ஆனால் வாயே திறவாதவரை என்ன செய்வது? இக்கேள்விக்கு இரண்டாம் உலகப் போர் மருந்தினால் விடைகாண முற்பட்டது. 1940இல் டன்கேர்க் கரையிலிருந்து மீட்டுக் கொண்டுவரப்பட்ட பிரித்தானிய வீரர்களுக்கு வில்லியம் சார்ஜன்ற், எலியற் சிலேற்றர் என்போர் சோடியம் அமித்தால் என்ற உறக்க மருந்தை நரம்பிலே செலுத்தினர். அரை மயக்கத்தில் அவர்கள் பேசினர், அழுதனர், போர்க்களத்திலேயே நிற்பவர்போற் கைகால்களை அசைத்தனர். 1943இல் வட ஆபிரிக்காவிலே அமெரிக்கப் படையின் வைத்தியர்களான கிறிங்கரும் ஸ்பீகலும் பென்ரதால் மருந்தைக் கொண்டு அவ்வாறே செய்தனர். மயக்கத்தில் அழுதால் மட்டும் போதாது, வெளிவந்த நினைவைத் தெளிந்த மனம் ஏற்றுக்கொள்ளும்வரை வைத்தியர் கூடவிருத்தல் வேண்டும் என்பதை இவர்கள் வற்புறுத்தினர். பிற்காலத்தில் இதே வகை மருந்துகளை 'உண்மை மருந்து' என்று பெயரிட்டு விசாரணையாளர்கள் கையாண்டதை எண்ணும்போது, மருந்து யார் கையில் இருக்கிறது என்பதும் ஒரு கேள்வியாகிறது. விசாரணை என்ற சொல்லைக் கேட்டாலே நம்மிற் பலருக்கு நா வறண்டுபோகும்.

அதே 1943ஆம் ஆண்டு, போரிற் கலவாத சுவிற்சர்லாந்தின் பாசல் நகரில், சன்டோஸ் மருந்து நிறுவனத்து இரசாயனவியலாளர் அல்பேர்ட் ஹொஃப்மன் எல்.எஸ்.டி. என்ற பொருளின் தன்மையைத் தற்செயலாகக் கண்டறிந்தார். தானியக் கதிரைப் பற்றும் எர்கொட் என்ற பூஞ்சணத்தின் சாரத்திலிருந்து அவர் 1938இலேயே ஆக்கி ஒதுக்கிவைத்த பொருள் அது. ஏப்ரல் 19ஆம் திகதி ஒரு மில்லிகிராமில் காற்பங்கை உட்கொண்டு, உலகமே உருமாறத் துவிச்சக்கர வண்டியில் வீடு சென்ற கதை பிரசித்தமானது. 1950களில் கனடாவின் சஸ்கச்சவான் மாகாணத்தில் ஹம்பிறி ஒஸ்மண்ட் என்ற வைத்தியர் மதுவுக்கு அடிமையானோருக்கு இதனைக் கொடுத்து ஆராய்ந்தார். இவ்வகைப் பொருள்களுக்கு 'சைக்கடெலிக்' என்ற பெயரை இட்டவரும் இவரே. மனத்தை வெளிப்படுத்துவது என்பது அதன் பொருள்.

போர் மனவடுவுக்கு இம்மருந்தை நெடுங்காலம் பயன்படுத்தியவர் நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகப் பேராசிரியர் யான் பஸ்ரியான்ஸ் ஆவார். யாழ்ப்பாணக் கோட்டையை ஐங்கோண வடிவிலே கட்டிய ஒல்லாந்தரின் நாடு 1940 முதல் 1945 வரை ஜேர்மனியரின் ஆக்கிரமிப்பின்கீழ் நலிந்தது. வதைமுகாம்களிலிருந்தும் எதிர்ப்பியக்கத்திலிருந்தும் மீண்டவர்களைப் பஸ்ரியான்ஸ் பரிசோதித்தபோது ஒன்றைக் கவனித்தார். விடுதலை பெற்ற தொடக்க ஆண்டுகளில் இவர்களிற் பலர் நன்றாகவே உழைத்தனர், மணம் முடித்தனர், வீடு கட்டினர். பத்து, பதினைந்து ஆண்டுகள் கழிந்த பின்னரே கனவுகளும் நடுக்கமும் திடீர்ச் சினமும் அவர்களைப் பற்றின. நம்மவர் இவ்விடத்தைச் சற்று நின்று வாசித்தல் நன்று. முள்ளிவாய்க்கால் முடிந்து பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகின்றன. "இவ்வளவு காலமும் இல்லாதது இப்போது ஏன்?" என்று மனைவிமார் கேட்கும் கேள்விக்கு இது ஒரு விடை.

பஸ்ரியான்ஸ் முதலிற் பேச்சினாலும், பின்னர் பென்ரதாலினாலும், அவையும் பலியாதவிடத்து எல்.எஸ்.டி.யினாலும் சிகிச்சை செய்தார். அவரது நோயாளருள் யெஹியேல் டி-நூர் என்ற யூத எழுத்தாளர் ஒருவர். அவுஷ்விற்ஸ் முகாமிலிருந்து மீண்ட அவர், தம் பெயரைத் துறந்து முகாம் கைதியின் இலக்கத்தையே புனைபெயராக்கிக் கொண்டவர். 1961இல் ஜெருசலேமில் நடந்த ஐக்மன் வழக்கிற் சாட்சியமளிக்க நின்றபோது சாட்சிக் கூண்டருகே மயங்கி வீழ்ந்தார். 1976இல் லைடனுக்குச் சென்று ஐந்து தடவை எல்.எஸ்.டி. சிகிச்சை பெற்று, அதனுடன் நிறுத்திக்கொண்டார். அதனைப் பற்றி எழுதுவதற்கு அவருக்கு மேலும் பத்தாண்டுகள் வேண்டியிருந்தன. வதைத்தவனும் ஒரு மனிதனே, அவன் நின்ற இடத்தில் தாமும் நின்றிருக்கக்கூடும் என்ற அறிவே தம்மைப் பெரிதும் நடுங்கச் செய்தது என்று அந்நூலிற் கூறுகிறார். பழையன அனைத்தும் கழன்று போயின என்று அவர் எழுதவில்லை.

பஸ்ரியான்ஸ் மீது கண்டனங்களும் எழுந்தன. பயனடைந்தோர் இருந்தனர், பயனடையாதோரும் இருந்தனர், இத்தனை பேருக்கு இன்ன பயன் என்று முறையாகக் கணக்கிட்டு அவர் உலகின் முன் வைக்கவில்லை. ஆசிரியத் தொழிலிற் புள்ளிப்பதிவேடு வைத்துப் பழகிய எனக்கு இதனை மன்னிப்பது கடினமாயிருக்கிறது. இத்தனை துணிவுள்ள ஒருவர் பதிவேட்டை ஏன் ஒழுங்காக எழுதவில்லை? அவர் ஓய்வுபெற்ற பின்னர் அச்சிகிச்சையும் நின்றுபோயிற்று. இதனிடையே, வைத்தியசாலைக்கு வெளியே எல்.எஸ்.டி. பரவியமையால் நாடுகள் அதனைத் தடைசெய்தன. 1971ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் உடன்படிக்கை அதனையும் காளானிலுள்ள சிலோசிபின் என்ற பொருளையும் மிகக் கடுமையான பட்டியலிற் சேர்த்தது. கொடைக்கானற் காளானிலுள்ள அப்பொருளும் இத்தடைக்கு உட்பட்டதே.

நம் நண்பர் கேள்விப்பட்ட மருந்து எம்.டி.எம்.ஏ. என்பது. ஜேர்மனியின் மேர்க் நிறுவனம் 1912இல் வேறொரு தேவைக்காக ஆக்கிய பொருள் இது. எல்.எஸ்.டி.யைப்போல் மாயக்காட்சிகளைக் காட்டுவதன்று. அச்சத்தைச் சில மணிநேரம் தணித்து, எதிரே இருப்பவர்மேல் நம்பிக்கையை உண்டாக்குவது. 1970களின் இறுதியில் அமெரிக்க உளவைத்தியர் சிலர் இதனைப் பயன்படுத்தினர். களியாட்ட விடுதிகளிலே பரவியமையால் 1985இல் அமெரிக்க அரசு தடைசெய்தது. அடுத்த ஆண்டே இதனை மீண்டும் மருந்தாக்க வேண்டுமென ஒரு சங்கம் அங்கு தோன்றி, முப்பதாண்டுகளுக்கு மேலாக முயன்றது. 2021இல் வெளியான பரிசோதனை முடிவு பெரிதும் பேசப்பட்டது: 90 நோயாளரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு உண்மை மருந்தும் மறு பிரிவினருக்கு வெற்று மாத்திரையும் கொடுத்தனர். மருந்து பெற்றோரில் 67 வீதமானோர் நோய் நிலையைக் கடந்தனர். வெற்று மாத்திரை பெற்றோரில் 32 வீதமானோர் கடந்தனர்.

இந்த 32 என்ற எண்ணைப் பத்திரிகைகள் பெரிதுபடுத்தவில்லை. வெற்று மாத்திரை பெற்றவருக்கும் ஒன்று கிடைத்தது: பயிற்சிபெற்ற இருவர் அருகே இருந்தனர். மருந்து கொடுக்கும் நாளொன்றில் ஏறத்தாழ எட்டு மணிநேரம். அத்தகைய நாட்கள் மூன்று. முன்னும் பின்னும் பலமுறை பேச்சு. தம் கதையை இத்தனை நேரம் இருந்து கேட்பதற்கு நம் நண்பருக்கு இதுவரை யார் கிடைத்தார்? மூன்றிலொரு பங்கினர் வேறு மருந்தின்றியே தேறினர் என்பதை அவரிடம் நான் இருமுறை சொன்னேன்.

அவுஸ்திரேலியச் செய்தி உண்மையே. 2023 யூலை 1 முதல், அரசின் விசேட அனுமதி பெற்ற உளவைத்தியர் மாத்திரம் இம்மருந்தை மனவடு நோய்க்கும், சிலோசிபினைத் தீராத மனச்சோர்வுக்கும் கொடுக்கலாம் என அங்கு விதித்துள்ளனர். அமெரிக்காவோ 2024 ஓகஸ்டில் விண்ணப்பத்தை ஏற்க மறுத்து, மேலும் ஆய்வு வேண்டும் என்றது. காரணங்கள் புறக்கணிக்கத்தக்கன அல்ல. மருந்து பெற்றவர் தாம் பெற்றதை உடனே உணர்ந்துவிடுவதால் ஒப்பீடு பழுதாகிறது. முந்திய ஓர் ஆய்வில், மருந்தின் பிடியிலிருந்த நோயாளியிடம் சிகிச்சையாளர் முறைகேடாக நடந்த செய்தியும் வெளியாயிற்று. மனத்தின் கதவு திறந்து கிடக்கும் வேளையில் உள்ளே வருபவர் யார் என்பது பென்ரதால் காலத்துக் கேள்வியேதான்.

இனி நமது மண்ணுக்கு வருவோம். இருப்புநிலை மாறிய மனம் வாய் திறக்கும் என்பதை அறிய மட்டக்களப்பாருக்கு எந்தத் தொழிற்சாலையின் மருந்தும் தேவைப்படவில்லை. அம்மன் கோயிற் சடங்கிலே உடுக்கொலிக்கு உருவேறித் தெய்வமாடுவோர் வாக்குச் சொல்வது அங்கு தொன்றுதொட்ட வழக்கம். 1990களில் பற்றிசியா லோறன்ஸ் என்ற அமெரிக்க மானிடவியலாளர் அங்கு தங்கி ஆராய்ந்தபோது, காணாமற்போன பிள்ளைகளைப் பற்றிக் கேட்கத் தாய்மார் அவர்களிடம் வந்ததைப் பதிவு செய்தார். தெருவிற் பேசினால் ஆபத்தான பெயர்கள் அம்மன் முன்றிலிற் பேசப்பட்டன. அழ இடமில்லாத ஊரிலே அழுவதற்கு ஓர் இடம் இருந்தது. பகுத்தறிவு பேசும் நண்பர்கள் என்னைக் கடிந்துகொள்ளலாம். நான் அம்மன் வாக்கின் மெய் பொய்யைப் பேசவில்லை.

யாழ்ப்பாணத்திலே இத்துறையின் முன்னோடி பேராசிரியர் தயா சோமசுந்தரம் அவர்கள். யாழ். போதனா வைத்தியசாலையில் உளவைத்தியராகவும் பல்கலைக்கழகத்தில் உளமருத்துவப் பேராசிரியராகவும் போரின் நடுவே பணியாற்றிய அவர், அந்த அனுபவத்தை 1998இல் ஆங்கில நூலாக வெளியிட்டார். 1987இல் யாழ்ப்பாணத்தில் தோன்றிய 'சாந்திகம்' நிறுவனம் உளவளத்துணைப் பணியை மேற்கொண்டது. நம் சனங்கள் மனம் நோகிறது என்று வைத்தியரிடம் செல்வதில்லை. தலையிடி என்றும் நெஞ்சு இடிக்கிறது என்றும் உடம்பெல்லாம் உளைவு என்றுமே செல்வர் என்பதை அவர் எடுத்துக்காட்டினார். ஓரிரு வைத்தியரைக் கொண்டு ஊர் முழுவதையும் தேற்ற இயலாதென்பதால், ஆசிரியர், கிராமப் பணியாளர் முதலியோரைப் பயிற்றும் வழியைக் கைக்கொண்டார். மனத்தை அமைதிப்படுத்த அவரவர் மரபிலேயே வழி காட்டினார்: சைவர்க்கு மந்திர செபம், கத்தோலிக்கர்க்குச் செபமாலை, இசுலாமியர்க்குத் திக்கிர், பௌத்தர்க்கு ஆனாபானசதி.

2004ஆம் ஆண்டின் கடற்கோளுக்குப் பின்னர், ஜேர்மனியின் கொன்ஸ்ரன்ஸ் பல்கலைக்கழகத்தார் நமது வடகிழக்கின் அகதி முகாமொன்றில் 31 பிள்ளைகளைக் கொண்டு ஓர் ஆய்வு செய்தனர். போரையும் கடலையும் கண்ட பிள்ளைகள். ஒரு பிரிவினர் தம் வாழ்க்கைக் கதையை ஆதியோடந்தமாகச் சொல்லினர். இம்முறையில் தரையிலே ஒரு கயிற்றை விரித்து, இனிய நிகழ்வுக்கு ஒரு பூவும் கொடிய நிகழ்வுக்கு ஒரு கல்லும் வைத்து வாழ்க்கையை முதலில் வரிசைப்படுத்துவர். பின்னர் பிள்ளை சொல்லச் சொல்ல உளவளத்துணையாளர் எழுதி, அடுத்த முறை அதனையே வாசித்துக் காட்டித் தொடர்வர். மறு பிரிவினருக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும் அளிக்கப்பட்டன. இருவகைக்கும் ஆறு அமர்வுகளே. நடத்தியவர் பயிற்றப்பட்ட உள்ளூரவர். ஆறு மாதங்களின் பின் கதை சொன்ன பிரிவில் 81 வீதமும் தியானப் பிரிவில் 71 வீதமும் தேறியிருந்தனர். பிள்ளைகளின் தொகை சிறிது. ஆகவே இதனைக் கொண்டு முரசறைய வேண்டியதில்லை. எனினும் ஓலைப்பாயும் கயிறும் கொப்பியும் கொண்டு நடந்த காரியம் இது.

சனையாவுக்கு மீள்வோம். நண்பருக்கு நான் கூறியவை வருமாறு. தம்பி, மருந்து உண்மை. அது மாத்திரையின் பெயரன்று, இரண்டு மனிதரும் பல மாதங்களும் சேர்ந்த சிகிச்சையின் பெயர். கட்டாரிலே அதற்கு அனுமதி இல்லை. 1987ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் போதைப்பொருட் சட்டத்தின்கீழ் சிறையும் பெருந்தண்டமும் உண்டு; அதன்பின் நாடு கடத்துவர். எந்த நாட்டுக்கு என்று நான் சொல்லத் தேவையில்லை. முகாமிலிருக்கும் மனைவிக்கு மாதாமாதம் செல்லும் பணமும் அத்தோடு முடியும். பொதியில் யாராவது அனுப்பும் மாத்திரையில் என்ன கலந்திருக்கிறதென்று அனுப்பியவனும் அறியான். இம்மருந்து உடற்சூட்டையும் இரத்த அழுத்தத்தையும் ஏற்றும். ஆடி மாத வெயிலிற் கம்பி கட்டும் உடம்புக்கு அதுவே யமனாகலாம்.

கட்டாரில் 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டம் மனநோயாளரின் உரிமைகளை வரையறுத்துள்ளது. 2020 மார்ச்சில் கொள்ளை நோய்க்காகத் தொழில்பேட்டையின் தெருக்களை அடைத்த நாட்களை நாம் மறக்கவில்லை. அறைக்குள்ளே கிடந்த அந்தக் கிழமைகளில்தான் நண்பரின் அலறல் நாள்தோறும் என்றாயிற்று. அவ்வாண்டு ஏப்ரலில் 16000 என்ற இலக்கத்தில் மனநல உதவித் தொலைபேசி ஆரம்பிக்கப்பட்டது. அந்த இலக்கத்தை அவரது கைப்பேசியிற் பதிந்து கொடுத்தேன்.

அவர் உடனே அழைக்கவில்லை. "விசர் எண்டு எழுதினால் வேலை போயிடும் சேர்" என்றார். பத்து நாட்கள் கழித்து, என்னையும் பக்கத்தில் இருக்கச் சொல்லிவிட்டு அழைத்தார். தவணை கிடைத்தது, மொழிபெயர்க்க நானும் உடன் சென்றேன். உறக்கத்துக்கு ஒரு சாதாரண மாத்திரை எழுதினர். மாதம் இருமுறை வந்து பேசும்படி கூறினர். முதல் நாள் அவர் தலையிடியைப் பற்றி மாத்திரமே பேசினார். இரண்டாம் முறை, கதிரையில் அமர்ந்ததும், மாத்தளன் கரையில் தம் தங்கையைக் கைவிட்டு வந்த காலைப்பொழுதைப் பற்றித் தொடங்கினார். நான் மொழிபெயர்க்க வேண்டியவன். சிறிது நேரம் என்னால் இயலவில்லை. வைத்தியர் காத்திருந்தார். அடுத்த தவணை இம்மாதம் கடைசி வியாழன்.